“ஆள் அவ்வளவுதான்” என்றார்கள், கோடீஸ்வரர் ஆனார்!
கூடைப்பந்து வீரரின் கதை: கல்வராயன் மலைக்கும் பாடம் உண்டு

கள்ளக்குறிச்சி,—
உயரம் 6 அடி 9 அங்குலம். பெயர் எர்வின் ஜான்சன். பந்தை அவர் கையாளும் வித்தையைப் பார்த்து “மேஜிக்” என்று பட்டம் கொடுத்தார்கள். அப்போது வயது 15!

அமெரிக்காவில் கார் தொழிற்சாலைத் தொழிலாளியின் மகன். லேக்கர்ஸ் அணியில் சேர்ந்து 5 முறை சாம்பியன் பட்டம் வென்றார்.

இடி விழுந்தது

1991-ல் இன்சூரன்சுக்காக ரத்தம் சோதித்தார்கள். எச்.ஐ.வி. கிருமி இருந்தது!

நவம்பர் 7-ந் தேதி நிருபர்களைக் கூட்டி, தானே அதைச் சொல்லி ஓய்வு பெற்றார். வயது 32. “ஆள் அவ்வளவுதான்” என்று ஊரே பேசியது.

ஆனால் 1992-ல் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார். மறுபடி அணிக்குத் திரும்ப முயன்றபோது, சக வீரர்களே பயந்தார்கள். ஒதுங்கினார். நோயைவிட, “தொட்டா ஒட்டிக்கும்” என்ற பயம்தான் அவரைத் தோற்கடித்தது.

வியாபாரத்தில் வெற்றி

சினிமா தியேட்டர், காபிக் கடை என்று இறங்கினார். 2012-ல் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியை வாங்கியவர்களில் ஒருவர் ஆனார். 2023-ல் அவர் சொத்து 100 கோடி டாலரைத் தாண்டியதாக ‘போர்ப்ஸ்’ பத்திரிகை கணக்குப் போட்டது.

காப்பாற்றியது எது? மாயமில்லை, மாத்திரை! 1996 வாக்கில் வந்த கூட்டு மருந்து கிருமியை அடக்கியது. மனைவிக்கும் பிள்ளைக்கும் நோய் தொற்றவில்லை.

நம்ம ஊரில்?

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் தெரிந்தது சென்னையில்தான். 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும், மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள்.

2004 முதல் அரசு மையங்களில் கூட்டு மருந்து இலவசம். கோடீஸ்வரரைக் காப்பாற்றிய அதே வழி, கல்வராயன் மலை வெள்ளிமலையிலிருந்து பஸ் ஏறி வரும் கூலித் தொழிலாளிக்கும் உண்டு. கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக்குக் காசு இல்லை.

“யாராவது பார்த்துட்டா?” என்ற கூச்சம்தான் பலரைத் தடுக்கிறது. சம்மதம் இல்லாமல் விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்று 2017-ல் சட்டமே வந்துவிட்டது. சந்தேகம் இருந்தால் 1097-க்கு போன் போடலாம். கட்டணம் கிடையாது.

மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது. விடாமல் சாப்பிட்டுக் கிருமி அடங்கிவிட்டால், உடலுறவு மூலம் துணைக்குப் பரவாது. கைகுலுக்கினாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ என்றைக்குமே பரவாது.

1991-ல் “அவ்வளவுதான்” என்று சொல்லப்பட்டவர், 60 வயதைத் தாண்டியும் தொழில் நடத்துகிறார்!