கைக்குள் கடை – 9: அரக்கு அரக்காகவே தெரிய வேண்டும்

சென்ற வாரம் வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாகில் புடவைகளை வகை பிரித்து வைப்பதைப் பார்த்தோம். கேட்டலாக் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், அதில் போடுகிற படம் சரியில்லையென்றால் வியாபாரம் நடக்காது. அதனால் இந்த வாரம் போனையே எடுத்துக்கொள்வோம்.

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் கடை வைத்திருப்பவர்கள், பிள்ளையார்பாளையத்தில் வீட்டிலேயே தறி போட்டு நேரடியாக விற்பவர்கள், புடவை எடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் மறுவிற்பனை செய்யும் பெண்கள் – இவர்கள் எல்லோருக்கும் போன்தான் கேமரா, கல்லாப்பெட்டி, கணக்குப் புத்தகம். படத்தில் தக்காளிச் சிவப்பாகத் தெரிந்த புடவை கையில் அரக்காகப் போய்ச் சேர்ந்தால் அது திரும்பி வரும். கூரியர் செலவு போனால் போகிறது. அந்த வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார். ஆகவே, போன் வாங்கும்போது நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி நிறத்தைப் பற்றியது.

முப்பதாயிரத்தை ஒட்டிய விலையில் இரண்டு போன்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று, 2024 ஜனவரியில் வந்த ரெட்மி நோட் 13 ப்ரோ 5ஜி. மற்றொன்று, அதே ஆண்டு மார்ச்சில் வந்த சாம்சங் கேலக்ஸி ஏ35 5ஜி. இவற்றுக்குப் பிறகு புது மாடல்கள் வந்துவிட்டன. இருந்தாலும், நடுத்தர விலைப் போன்களை எப்படி எடைபோடுவது என்பதற்கு இந்த ஜோடியைவிட நல்ல பாடம் கிடையாது.

20 கோடி புள்ளி எங்கே போகிறது?

ரெட்மியின் கேமரா 200 மெகாபிக்சல். சாம்சங்கினுடையது 50. கடையில் விற்பனையாளர் முதலில் சொல்வது இதைத்தான். நான்கு மடங்கு வித்தியாசம் என்றதும் நமக்கும் மனம் சாய்ந்துவிடும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

200 மெகாபிக்சல் என்றால் 20 கோடிப் புள்ளிகள். ஆனால் ரெட்மி சாதாரணமாகப் படம் எடுக்கும்போது பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் பதினாறைச் சேர்த்து ஒன்றாக்கிக்கொள்கிறது. தனித்தனியாக அவை மிகச் சிறியவை. சேர்த்தால்தான் போதுமான வெளிச்சம் பிடிக்கும். ஆக, கையில் கிடைப்பது 12.5 மெகாபிக்சல் படம். சாம்சங் நான்கு நான்காகச் சேர்க்கிறது. 50-ஐ நான்கால் வகுத்தால் அதுவும் 12.5-தான். இரண்டு போன்களும் தரும் படம் ஒரே அளவு!

அதையும் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளவாக்கில் சுமார் 1,600 புள்ளிகளாகச் சுருங்கிவிடுகிறது. 1,600-க்கு 1,200 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 19 லட்சத்துச் சொச்சம். 20 கோடியில் தொடங்கி 20 லட்சத்துக்கும் கீழே வந்து நிற்கிறது. 2023 ஆகஸ்டில் வந்த எச்டி வசதியைத் தொட்டு அனுப்பினால் இதைவிடத் தெளிவாகப் போகும். படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக இணைத்து அனுப்பினால் குறையாமல் போகும். பழைய போனிலேயே இதைச் செய்து பாருங்கள். பலருக்குப் புது போன் வாங்கும் அவசரமே குறைந்துவிடும்.

ரெட்மியின் கேமரா மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. அதன் சென்சார் அளவில் பெரியது. வெளிச்சம் குறைந்த வீட்டுக்குள் அது உதவும். நல்ல வெளிச்சத்தில் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு நெருக்கிக் காட்டும்போதும் விவரம் அவ்வளவாகச் சிதையாது. கோர்வை போட்ட இடத்தையோ முந்தியில் ஒரு அன்னப்பட்சியையோ நெருக்கமாகக் காட்ட இது நல்ல வசதி. ஆனால் அந்த 200 என்ற எண்ணுக்காக மட்டும் காசு கொடுக்க வேண்டாம். அடுத்து இந்தியாவில் வந்த ரெட்மி நோட் 14 ப்ரோவில் அந்த நிறுவனமே 50 மெகாபிக்சலுக்கு இறங்கிவிட்டது.

இரண்டு போன்களிலும் ‘மேக்ரோ’ என்று தனியாக ஒரு சிறிய கேமரா உண்டு. நெசவைக் காட்ட அதைப் பயன்படுத்தாதீர்கள். முதன்மைக் கேமராவை இரண்டு மடங்கில் வைத்து, ஒரு சாண் தள்ளி நின்று எடுத்தால் இழை தெளிவாக வரும்.

பட்டு ஏன் கேமராவைக் குழப்புகிறது?

பருத்திப் புடவையைப் படமெடுப்பது எளிது. பட்டு அப்படியல்ல. மல்பெரிப் பட்டு இழையின் குறுக்குவெட்டு முக்கோணம் போன்றது; ஒளியைப் பல கோணங்களில் திருப்பி அடிக்கும். சரிகையோ, பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்கமுலாம் பூசியது. அது இன்னும் பளீரென்று அடிக்கும். உடல் அடர்ந்த அரக்கு, பார்டர் முழுக்கச் சரிகை என்றால், ஒரே படத்துக்குள் இருட்டும் வெளிச்சமும் கைகோத்து நிற்கின்றன. கேமரா சரிகைக்குத் தக்கபடி வெளிச்சத்தைக் குறைத்தால் அரக்கு கறுத்துப்போகும். அரக்குக்குத் தக்கபடி கூட்டினால் சரிகை வெள்ளையாக வெளுத்துப்போகும்.

அடுத்த சிக்கல், படம் முழுக்க ஒரே நிறம் நிறைந்திருப்பது. வெள்ளை எது என்று கேமரா தானாகக் கணித்துத்தான் மற்ற நிறங்களைச் சரிசெய்கிறது. சட்டம் முழுக்கச் சிவப்புப் புடவை இருந்தால், விளக்குதான் சிவப்போ என்று நினைத்து நிறத்தை இழுத்துவிடும். ராணி கலரும் வெங்காய நிறமும் பெரும்பாலும் இப்படித்தான் கெடுகின்றன.

மூன்றாவது, பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெய்த புடவைகள். மயில் கழுத்து நிறம், நிற்கும் கோணத்துக்கு ஏற்ப நீலமாகவும் பச்சையாகவும் மாறும். அதை எந்தப் போனின் ஒற்றைப் படமும் முழுதாகச் சொல்லாது. புடவையை மெல்ல அசைத்து, பத்து விநாடி வீடியோ எடுப்பதுதான் ஒரே வழி.

இதற்கெல்லாம் மேல், ஏஐ என்றும் காட்சி மேம்படுத்தல் என்றும் போனே நிறத்தை அழகுபடுத்தப் பார்க்கும். முகத்துக்கும் சாப்பாட்டுக்கும் அது சரி. புடவைக்கு அது பொய் சொல்வதாகும். எந்தப் போன் வாங்கினாலும் முதலில் அவற்றை அணைத்துவிடுங்கள்.

புடவையோடு கடைக்குப் போங்கள்

இணையத்தில் போன் விமர்சனம் செய்பவர்கள் பூவையும் கட்டடத்தையும் எடுத்துக் காட்டுவார்கள். நம் சரக்கு பட்டு. ஆகவே, போன் கடைக்குப் போகும்போது ஒரு புடவையைக் கையோடு எடுத்துப் போங்கள். அரக்கு உடல், கிளிப்பச்சை பார்டர், நல்ல சரிகை உள்ளதாக இருக்கட்டும். கூடவே ஒரு வெள்ளைத் தாள்.

முதலில் இரண்டு போன்களின் திரையையும் இயல்பு நிறத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். வாங்கும்போதே நிறத்தைத் தூக்கிக் காட்டும்படிதான் திரையை வைத்திருப்பார்கள். சாம்சங்கில் டிஸ்ப்ளே அமைப்பில் ‘நேச்சுரல்’ என்று இருக்கும். ரெட்மியில் கலர் ஸ்கீம் பகுதிக்குள் போய் மாற்றலாம். இதைச் செய்யாமல் ஒப்பிட்டால், நீங்கள் பார்ப்பது கேமராவின் வித்தியாசமா திரையின் வித்தியாசமா என்று தெரியாது.

பிறகு கடை வாசலில், வெயில் நேரே படாத இடத்தில் புடவையை விரித்து, ஓரத்தில் வெள்ளைத் தாளை வைத்து, இரண்டிலும் ஒரே தூரத்தில் நின்று படம் எடுங்கள். திரையில் சரிகையைத் தொட்டு, சூரியக் குறியை இழுத்து வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து இன்னொரு படம் எடுங்கள். அதன்பின் கடைக்குள் விளக்கின் கீழே ஒரு வீடியோ. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவு விலை எல்இடி விளக்குகள் விநாடிக்கு நூறு தடவை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கல் வீடியோவில் கறுப்புப் பட்டையாக ஓடுகிறதா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் உங்கள் பழைய போனுக்கே அனுப்பி, புடவைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாடிக்கையாளர் பார்க்கப்போவது இந்தப் படத்தைத்தான். அரக்கு அரக்காக இருக்கிறதா? பச்சை நீலத்துக்கு ஓடுகிறதா? கட்டம் போட்ட இடத்தில் அலை அலையாகக் கோடு தெரிகிறதா? இந்தச் சோதனைக்குக் கால் மணி நேரம் போதும். இதில் தோற்ற போனுக்கு வேறு எந்தப் பெருமை இருந்தாலும் அது நம் வேலைக்கு ஆகாது.

மற்றவை

வேகத்தில் வித்தியாசம் தேட வேண்டாம். ரெட்மியில் ஸ்னாப்டிராகன் 7எஸ் ஜென் 2, சாம்சங்கில் எக்ஸினோஸ் 1380. பெயர் வேறானாலும் இரண்டிலும் வேகமான கோர்கள் நான்கு, அவையும் ஒரே வகை, ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ்.

சார்ஜ் ஏற்றுவதில் ரெட்மி கெட்டி. 67 வாட் சார்ஜர் பெட்டிக்குள்ளேயே வருகிறது. ஒரு மணி நேரத்துக்குள் நிறைந்துவிடும். சாம்சங் 25 வாட்தான். ஒரு மணிக்கு மேல் ஆகும், சார்ஜரையும் தனியாக வாங்க வேண்டும். முகூர்த்த சீசனில் நாள் முழுக்க வீடியோ கால் பேசுகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. எடையிலும் ரெட்மி 187 கிராம், சாம்சங் 209. ஒரு கையில் போன், மறு கையில் புடவை என்று நிற்பவருக்கு அந்த 22 கிராம் தெரியும்.

தூசிக்கும் தண்ணீருக்கும் சாம்சங் முன்னால் நிற்கிறது. அதன் ஐபி67 தரம், தூசி உள்ளே புகாது, ஒரு மீட்டர் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. ரெட்மியின் ஐபி54 தெறிக்கும் நீருக்குத்தான் காப்பு. நூல் தூசி பறக்கும் தறிக்கூடத்திலும், தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும் இடத்திலும் புழங்குகிறவர் இதை மனதில் வைக்க வேண்டும்.

சாம்சங்கில் மெமரி கார்டு போடலாம். ஆனால் இரண்டாவது சிம்முக்கான இடத்தை அது பிடித்துக்கொள்ளும். ரெட்மியில் கார்டு வசதி இல்லை. வருஷக்கணக்கில் புடவைப் படங்களைச் சேர்த்து வைப்பவர், இரண்டு எண் வேண்டுமா, கார்டு வேண்டுமா என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எத்தனை வருஷத்துக்கு?

பலர் கேட்க மறக்கும் கேள்வி இது. யுபிஐயும் வங்கிக் கணக்கும் இருக்கிற போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டால், பூட்டு துருப்பிடித்த கடை போலத்தான். ரெட்மி நோட் 13 ப்ரோவுக்கு நான்கு ஆண்டு பாதுகாப்பு அப்டேட் என்றார்கள். சாம்சங் ஏ35-க்கு ஐந்து ஆண்டு. கவனியுங்கள், இந்தக் கணக்கு போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. முன்னது 2028 தொடக்கத்தோடு முடியும்; பின்னது 2029 வரை போகும். தள்ளுபடியில் கிடைக்கிறது என்று பழைய மாடலை வாங்கும்போது நாம் இழப்பது இந்த ஆண்டுகளைத்தான். அடுத்து வந்த கேலக்ஸி ஏ36-க்கு ஆறு ஆண்டு என்று சாம்சங் நீட்டியிருக்கிறது. ஆனால் அதில் மெமரி கார்டு வசதியை எடுத்துவிட்டார்கள்.

விலையைப் பார்ப்போம். வெளிவந்தபோது 256 ஜிபி ரெட்மி 27,999 ரூபாய்; 128 ஜிபி சாம்சங் 30,999. இதில் 18 சதவீத ஜிஎஸ்டி அடக்கம். கடை பெயரில் வழக்கமான ஜிஎஸ்டி பதிவு இருந்து, போன் தொழிலுக்குத்தான் என்றால், கடை பெயரிலேயே பில் வாங்குங்கள். முதல் போனில் 4,271 ரூபாயும் இரண்டாவதில் 4,729 ரூபாயும் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள வழி உண்டு. காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு இது கிடையாது.

என் முடிவு

நிறச் சோதனையில் ஒன்று தெளிவாக ஜெயித்தால் அதையே வாங்குங்கள். மேலே சொன்ன மற்ற எதுவும் அதற்கு ஈடாகாது. இரண்டும் சமமாக வந்தால், நான் சாம்சங் ஏ35 பக்கம். கூடுதலாக ஓராண்டு பாதுகாப்பும், தறிக்கூடத் தூசிக்குத் தாங்கும் உடம்பும் அந்த மூவாயிரத்துக்குத் தகும். இரண்டு மூன்று வருஷத்தில் எப்படியும் போன் மாற்றுகிறவர், அல்லது நாள் முழுக்க சார்ஜர் தேடி அலைகிறவர் ரெட்மியைத் தாராளமாக எடுக்கலாம்.

நெசவாளி ஒரு புடவைக்கு நாள்கணக்கில் தறியில் உட்கார்ந்து, சாயத்தைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார். 2005-06இல் புவிசார் குறியீடு பெற்ற பெயர் அந்தப் புடவைக்கு இருக்கிறது. அந்த உழைப்பை வாங்குபவர் கண்ணுக்கு ஒழுங்காகக் கொண்டு சேர்ப்பது விற்கிறவரின் கடமை. அதற்கு உதவுகிற போன்தான் நமக்கு நல்ல போன்.

அடுத்த வாரம்: ஸ்டூடியோ விளக்கு இல்லாமல், வீட்டு ஜன்னல் வெளிச்சத்திலேயே சரிகை வெளுக்காமல் புடவையைப் படமெடுப்பது எப்படி?

(தொடரும்)