பாதி வாக்கியத்தில் நின்ற புத்தகம்

1621இல் லண்டனில் ‘யுரேனியா’ என்ற பெரிய உரைநடைக் கதை அச்சாகி வந்தது. ஐந்நூறு பக்கங்களுக்கு மேல் ஓடி, கதையின் கடைசிப் பக்கத்தில் வாக்கியம் முடியாமலேயே நின்றுவிடுகிறது. எழுதியவர் மேரி ரோத். கவிஞர் பிலிப் சிட்னியின் தம்பி மகள். ஆங்கிலத்தில் ஒரு பெண் எழுதி அச்சேறிய முதல் நெடுங்கதை இதுதான். ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் பெருந்தொகுப்பு வெளிவர இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன.

புத்தகம் வந்ததும் அரசவையில் புகைச்சல் கிளம்பியது. எட்வர்ட் டென்னி என்ற பிரபு, கதையில் வரும் ஒரு கொடுமைக்காரத் தந்தை தான்தான் என்று கொதித்து, ரோத்தை இழித்து ஒரு கவிதை எழுதினார். அவர் பயன்படுத்திய அதே எதுகைச் சொற்களை வைத்தே ரோத் பதில் கவிதை எழுதி அனுப்பினார். கதை எழுதுவதை விட்டுவிட்டு ரோத் தம் அத்தையைப் போலப் பக்தி நூல்களை மொழிபெயர்க்கலாமே என்று டென்னி புத்தியும் சொன்னார். கடைசியில் பிரதிகளைத் திரும்பப் பெறப்போவதாக ரோத் பக்கிங்ஹாம் பிரபுவுக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. அதன் பிறகு ‘யுரேனியா’ முழுமையாக மறுபடி அச்சேற 374 ஆண்டுகள் ஆயின.

அந்த மறுபதிப்பைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த ஜோசஃபின் ராபர்ட்ஸ். 1983இல் ரோத்தின் கவிதைகளைப் பதிப்பித்தார். 1995இல் ‘யுரேனியா’வின் முதல் பாகத்தை, அதாவது 1621இல் அச்சான பகுதியை முழுமையாக. வெறும் இரண்டு ஆண்டுக் குறிப்புகளாகத் தெரியும் இந்த வாழ்க்கைக்குள் எவ்வளவு நுட்பமான வேலை இருக்கிறது என்பது வெளியே தெரிவதில்லை.

பழைய புத்தகம்தானே, அப்படியே பார்த்துத் தட்டச்சு செய்தால் போதாதா என்று தோன்றலாம். எந்தப் பிரதியைப் பார்த்து? அந்தக் காலத்து அச்சகத்தில் தாள்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிழை கண்ணில் பட்டால், நிறுத்தி ஈய எழுத்தை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுவார்கள். அதுவரை அச்சான தாள்களை வீசமாட்டார்கள். தாள் விலை அப்படி. திருத்திய தாளும் திருத்தாத தாளும் கலந்து கட்டுக்குள் போகும். அதனால் ஒரே பதிப்பின் இரண்டு பிரதிகள்கூட எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கும் என்று நம்ப முடியாது.

இந்த வேறுபாடுகளைப் பிடிக்க 1940களில் சார்ல்டன் ஹின்மன் என்ற ஆய்வாளர் ஓர் இயந்திரமே செய்தார். இரண்டு பிரதிகளில் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்து, கண்ணாடிகளின் உதவியால் இரண்டு பிம்பங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக விழச் செய்து, விளக்கை மாறி மாறி எரியவிட வேண்டும். ஒத்த எழுத்துகள் அசையாமல் நிற்கும். மாறிய எழுத்து மட்டும் துடிக்கும். வானத்தின் இரண்டு புகைப்படத் தகடுகளை இப்படி மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் 1930இல் புளூட்டோவையும் கண்டுபிடித்தார்கள். ஒரு காற்புள்ளியைத் தேடுவதும் ஒரு கோளைத் தேடுவதும் ஒரே உத்தியில் நடந்திருக்கின்றன என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது.

காற்புள்ளி அற்ப விஷயமில்லை. ரோத் தம் கையாலேயே எழுதிய கவிதைச் சுவடி வாஷிங்டனின் ஃபோல்ஜர் நூலகத்தில் இருக்கிறது. அழகான சாய்வெழுத்து, நிறுத்தக்குறிகள் மிகக் குறைவு. ஆங்காங்கே S எழுத்தின் மேல் குறுக்குக்கோடு இழுத்த ஒரு குறி. மாறாத அன்பைச் சொல்ல அந்தக் காலத்துப் பிரபுக்கள் பயன்படுத்திய அடையாளம் அது. அச்சுப் புத்தகத்திலோ நிறுத்தக்குறிகள் நெருங்கிக் கிடக்கின்றன. ரோத் ஒரே மூச்சில் ஓடவிட்ட வரி அங்கே துண்டுபட்டுப் போகிறது. சுவடியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவருக்கு ரோத்தின் கவிதை நடை பிடிபடாது. இவை தவிர, ரோத் தம் கைப்படத் திருத்திய ஓர் அச்சுப் பிரதியும் தப்பிப் பிழைத்திருக்கிறது.

ஷேக்ஸ்பியர் காலத்தில் ஒரு பெண்கூட ஏன் கவிதை எழுதவில்லை என்று எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃப் 1929இல் ஏங்கிக் கேட்டார். ரோத்தின் 103 கவிதைகள் அப்போது அச்சிலேயே இருந்தன, ‘யுரேனியா’வின் கடைசிப் பக்கங்களில். எடுத்துக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

‘யுரேனியா’வின் இரண்டாம் பாகம் ரோத்தின் காலத்தில் அச்சேறவே இல்லை. அதன் கையெழுத்துப் பிரதி சிகாகோவின் நியூபெரி நூலகத்தில் இருக்கிறது. அதைப் பதிப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 1996இல், ராபர்ட்ஸ் கார் விபத்தில் இறந்துபோனார். சூசன் காஸெட், ஜேனல் ம்யூலர் என்ற இரு பேராசிரியர்கள் அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து 1999இல் அதை வெளியிட்டார்கள். அட்டையில் ராபர்ட்ஸின் பெயரும் இருக்கிறது.

விமர்சனம் எழுதுபவருக்குக் கிடைக்கும் பெயர் பதிப்பிப்பவருக்குக் கிடைப்பதில்லை. இது அநியாயம். பதிப்பு இல்லாவிட்டால் விமர்சிக்க எதுவுமே இருக்காது. இன்று மாணவர்கள் படிக்கும் ஆங்கில இலக்கியத் தொகுப்புகளில் ரோத்துக்கு இடம் இருக்கிறதென்றால் காரணம் இந்த உழைப்புதான். அடுத்த முறை பழைய நூலின் நல்ல பதிப்பொன்று கைக்கு வந்தால், எந்தெந்தப் பிரதிகளை ஒப்பிட்டோம் என்று பதிப்பாசிரியர் சொல்லும் பக்கங்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அவற்றையும் படியுங்கள்.