தீனி எடுக்காத நாயும் பூனையும்

நாயோ பூனையோ தீனி எடுக்காமல் கிடப்பது தனி நோய் அல்ல, வேறொரு நோயின் அடையாளம். இதில் இரண்டு வகை உண்டு. பசியே இல்லாமல் தட்டைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வது ஒன்று. பசியோடு ஓடிவந்து, ஒரு வாய் கவ்வி, மெல்ல முடியாமல் கீழே போட்டுவிடுவது மற்றது. பின்னதில் கோளாறு பெரும்பாலும் பல், ஈறு, தொண்டை ஆகியவற்றில் இருக்கும். மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான்.

2005 ஜனவரியில் அஞ்சல்தலை ஏறிய ராஜபாளையம் நாய்க்குப் பால்வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் லட்சணம். நிறமி இல்லாததால் வந்த சிவப்பு என்பதால், நாய் சோர்ந்து படுக்கும்போது மூக்கைப் பார்த்து எதையும் தீர்மானிக்க முடியாது. மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். ஈறு வெளிறியிருந்தால் இரத்தசோகை இருக்கலாம். மஞ்சள் தட்டினால் கல்லீரல் கெட்டிருக்கலாம், அல்லது சிவப்பணுக்கள் அழிந்துகொண்டிருக்கலாம். இரண்டுக்கும் பின்னால் உண்ணிக் காய்ச்சல் இருக்க வாய்ப்புண்டு. வெள்ளை முடியில் உண்ணி பளிச்சென்று தெரியும் என்று நம்பிவிடக் கூடாது. காதுமடலின் உட்புறமும் கால்விரல் இடுக்கும்தான் அதற்குப் பிடித்த இடங்கள்.

குட்டி நாய் தீனியை விட்டு, வாந்தி எடுத்து, நாற்றத்தோடு இரத்தமாகக் கழிந்தால் பார்வோ வைரஸைச் சந்தேகிக்க வேண்டும். அங்கே உயிரைப் பறிப்பது பட்டினியைவிட நீரிழப்புதான். கருத்தடை செய்யாத பெட்டை நாய், பருவம் முடிந்த சில வாரங்களில் தீனியைக் குறைத்துத் தண்ணீரை மட்டும் அதிகம் குடித்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். வயதான பிராணிகளில் சிறுநீரகம் முதல் சந்தேகம். சித்திரை வெயிலில் பகல் தீனியை ஒதுக்கிவிட்டு, பொழுது சாய்ந்ததும் தட்டை நக்கித் துடைக்கும் நாய்க்கு மருந்து வேண்டாம்.

வாய் பிளந்து, எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல் நிற்கும் நாயைக் கண்டால் எலும்பு சிக்கியிருக்கிறது என்று கையை விடத் தோன்றும். விடக் கூடாது. வெறிநோயின் ஊமை வகையும் இப்படித்தான் தெரியும்.

பூனையின் கணக்கு வேறு. நாய்க்கு ஒரு நாள் பட்டினி பெரிய விஷயமல்ல. பூனை, குறிப்பாகக் கொழுத்த பூனை, இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் உடம்புக் கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்த் தேங்கும். கல்லீரல் கொழுத்ததும் குமட்டல் வரும், குமட்டலால் மீதிப் பசியும் போகும். தொடங்கியது சாதாரணச் சளியாகவே இருக்கலாம். பூனை மோப்பத்தை வைத்தே உண்பது. மூக்கடைத்தால் மீனும் அதற்கு மீனல்ல.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கைக்கெட்டும் தூரத்தில் பால்கோவா இருப்பதால் அதை ஊட்டிப் பார்க்க ஆசை வரும். இனிப்பை உணரும் சுவை ஏற்பி பூனைக்கு வேலை செய்வதில்லை. அதைப் பொறுத்தவரை அது வெறும் பால் கொழுப்பு. நாய் விரும்பித் தின்னும், ஆனால் அவ்வளவு கொழுப்பு கணைய அழற்சியைக் கிளப்பிவிடலாம். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுப்பது அதைவிட மோசம். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். மூக்கை ஈரத்துணியால் துடைத்து, வேகவைத்த கோழியையோ மீனையோ முள் நீக்கி, உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கிச் சிறிதளவு வைக்கலாம். சிரிஞ்சால் வாயில் பீய்ச்சினால் நுரையீரலுக்குள் போய்விடும் அபாயம் உண்டு. தண்ணீர் குடித்துக்கொண்டு சுறுசுறுப்பாகத் திரியும் வளர்ந்த நாய்க்கு ஒரு நாள் பொறுக்கலாம். குட்டிக்குப் பொறுக்கவே கூடாது. பூனை 24 மணி நேரம் எதையும் தொடாவிட்டால் அன்றே ஆஸ்பத்திரி.

பல நாள் பட்டினி கிடந்த பிராணி பசி திரும்பியதும் ஆவலாகத் தின்னும். அப்போது வயிறு நிறையப் போட்டால் இரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம் அளவுகள் சட்டென்று சரிந்து ஆபத்தாகும். முதல் நாள் வழக்கமான அளவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை, பல வேளையாகப் பிரித்துக் கொடுத்து, மூன்று நான்கு நாளில் முழு அளவுக்குக் கொண்டுவருவதே முறை.