மேலிருந்து பார்த்தால் சுவரும் ஒரு கோடுதான்

வான்படங்களை ஏஐ எப்படிப் படிக்குதுன்னு இந்த எபிசோடில் பேசினோம். நேரம் போதாம விட்ட கதை இது.

இங்கிலாந்தின் மலைப்பகுதிகளில் பீட் மண் நிறைய இருக்கு. செத்த பாசியும் புல்லும் தண்ணீரில் ஊறி, முழுசா மக்காம, ஆயிரக்கணக்கான வருஷமா சேர்ந்த மண். ஈரமா இருக்கும்வரை கார்பனைப் பிடிச்சு வைக்கும். காய்ந்தால் அது காற்றில் கலந்துடும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, மேய்ச்சல் நிலத்துக்காக அரசே மானியம் கொடுத்து அங்கே வாய்க்கால் வெட்ட வைத்தது. இப்போ அதையெல்லாம் அடைக்கணும். ஆனா, எங்கெங்கே வெட்டினாங்கன்னு முதலில் தெரியணுமே!

அதுக்குத்தான் கம்ப்யூட்டர். சில படங்களில் மனிதர்கள் வாய்க்காலைக் கோடு போட்டுக் காட்டுவாங்க. மாடல் அதில் பழகி, மற்ற படங்களில் தானே தேடும். வாய்க்கால் அரை மீட்டர் அகலம், ஒரு பிக்சல் 25 செ.மீ. என்றால், கிடைப்பது இரண்டே பிக்சல்!

2025 மே மாதம் நேச்சுரல் இங்கிலாந்து அமைப்பு, கள அளவீடுகளையும் ஏஐயையும் சேர்த்து நாடு முழுக்க பீட் வரைபடம் வெளியிட்டது. உடனே புகார் வந்தது: பாறையும் கல்சுவரும்கூட பீட்னு காட்டுதாம். இந்த மாதிரி மாடல்களுக்கு இது பழைய சிக்கல். மேலிருந்து பார்த்தால் சுவரின் நிழலும் வாய்க்காலும் ஒரே மாதிரி ஒல்லியான கருப்புக் கோடு.

இது சின்ன விஷயம் இல்லை. 2025 செப்டம்பர் 30 முதல், மலைப்பகுதியில் 30 செ.மீ.-க்கு மேல் ஆழமான பீட்டில் புதர் எரிக்க உரிமம் வேண்டும். முன்பு வரம்பு 40 செ.மீ. வரைபடத்தில் நிறம் தப்பா விழுந்தால் ஒரு பண்ணைக்காரருக்குத் தலைவலி. வாய்க்கால் விட்டுப்போனால் மண் காய்ந்துகிட்டே இருக்கும்.

என்ன செய்யலாம்? லைடார் உயரத்தை அளக்கும்: சுவர் மேலே எழும்பும், வாய்க்கால் கீழே இறங்கும். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். மீதிக்கு ஒருத்தர் பூட்ஸ் மாட்டிக்கிட்டு, கம்பியை மண்ணில் குத்தி ஆழம் பார்க்கணும்.

இன்னொன்று: படத்தில் 2% பிக்சல்தான் வாய்க்கால் என்றால், "எங்கேயும் வாய்க்கால் இல்லை"ன்னு சொல்லும் சோம்பேறி மாடலுக்கும் 98% மார்க் கிடைக்கும். அதனால யாராவது அந்த நம்பரைக் காட்டினால் ரெண்டு கேள்வி கேளுங்க: எத்தனை வாய்க்காலைத் தவறவிட்டது? யார் நேரில் போய்ப் பார்த்தாங்க?