‘அவன்’ என்ற சொல் அடைத்த கதவு

2021ஆம் ஆண்டு ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி மார்கழியில் அன்றிக் கார்த்திகையிலேயே கொண்டாடப்பட்டது. பத்தொன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை நேரும் இம்மாற்றம் சூரிய, சந்திர இயக்கங்களின் கணிதத்தால் விளைவது. சொர்க்கவாசலைக் கடப்போர் இலட்சக்கணக்கானோர்; நாளைக் கணித்தவரை நினைப்போர் மிகச் சிலரே. வானியல் வரலாற்றிலும் மறக்கப்பட்டோர் பெரும்பாலும் கணக்கிட்டவர்களே. அவர்களுள் பெண்கள் பலர்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் இயங்கிய வான்நோக்ககத்தின் தலைவர் நார்மன் போக்சன். அவருடைய மகள் இசிஸ் போக்சன் 1873இல் அங்கே ‘கம்ப்யூட்டர்’ பதவியில் அமர்ந்தார். அக்காலத்தில் அச்சொல் இயந்திரத்தைக் குறிக்கவில்லை. நோக்கிப் பதிந்த அளவுகளைக் கணக்கிட்டுத் தரும் மனிதரையே குறித்தது. ஏறத்தாழ 25 ஆண்டுகள் அவர் அப்பணியில் இருந்தார்.

1886இல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினராக்க அவர் பெயர் முன்மொழியப்பட்டது. கழகத்தின் 1831ஆம் ஆண்டுச் சாசனம் உறுப்பினரை ‘அவன்’ என்னும் ஆண்பாற் சொல்லாலேயே சுட்டுகிறது. ஆகவே பெண்ணுக்கு இடமில்லை என வழக்கறிஞர்கள் கருத்துரைத்தனர். முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. தமிழில் ‘அவர்’ என்று எழுதியிருந்தால் இச்சிக்கலே எழுந்திராது! 1916இல்தான் கழகம் பெண்களைச் சேர்த்தது. இசிஸ் உறுப்பினரானது 1920இல். 34 ஆண்டுகள் கழித்து.

சென்னையின் வானியல் பணி 1899இல் கொடைக்கானலுக்கு மாறியது. சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் அங்கே கண்டறிந்தவர் ஜான் எவர்ஷெட். ‘எவர்ஷெட் விளைவு’ பாடநூல்களில் இருக்கிறது. அவர் மனைவி மேரி எவர்ஷெட், பதவி ஏதுமின்றி, சூரிய விளிம்பில் எழும் தழல்களை ஆராய்ந்தார். 1913இல் தம் பெயரில் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 1917இல் கணவருடன் இணைந்து விரிவான ஆய்வேட்டைத் தந்தார்.

பொருளியல் பயின்றவர்களுக்கு இக்கதை பழக்கமானதே. ஊதியமற்ற உழைப்பு நாட்டு வருமானக் கணக்கில் ஏறாது. கணக்கில் ஏறாதது நாளடைவில் நினைவிலிருந்தும் நீங்கும். இசிஸுக்கு ஊதியம் இருந்தது, அங்கீகாரம் தாமதமாயிற்று. மேரிக்கு ஏட்டில் பெயர் இருந்தது, பதவி இல்லை. உழைப்பு, ஊதியம், பெயர் மூன்றும் ஒருங்கே அமைவதே நீதி.

அந்நீதி இன்று எட்டாததன்று. சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகார் ஷாஜி. கொடைக்கானல் வான்நோக்ககத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனமே அவ்விண்கலத்தின் முதன்மைக் கருவியை உருவாக்கியது. பதவியின்றி மேரி தொடர்ந்த சூரிய ஆய்வை நம் காலத்தில் ஒரு தமிழ்ப்பெண் பதவியோடு வழிநடத்தினார்.

ஆயினும் ஒருவரின் வெற்றி அனைவருக்குமான பாதையாகிவிடாது. திருச்சியின் கல்லூரிகளில் இயற்பியல் கற்கும் பெண்களுக்குச் சேர்க்கை ஒரு தடையன்று. தடை பட்டத்திற்குப் பிறகே தொடங்குகிறது. ஆய்வு உதவித்தொகை, பாதுகாப்பான விடுதி, திருமணத்திற்குப் பின்னும் ஆய்வைத் தொடர வழி ஆகியவை அவர்களுக்கு வேண்டும். திருச்சி அண்ணா அறிவியல் மையக் கோளரங்கத்திற்கு வரும் சிறுமியருக்கு இசிஸ், மேரி, நிகார் ஷாஜி ஆகிய மூவரின் கதையையும் சொல்ல வேண்டும். சாசனத்தில் இருந்த ‘அவன்’ நீங்கிவிட்டது. வீட்டிலும் நிறுவனத்திலும் எஞ்சியிருக்கும் எழுதாத ‘அவன்’ நீங்குவது நம் கையில்தான் உள்ளது.