உங்களுக்குத் தெரியுமா? நீலப் பலகை வைத்த இடம் யாருக்கு?

பண்டிகைக் கூட்டம். வண்டியை நிறுத்த இடம் தேடி மூன்று சுற்று சுற்றியாகிவிட்டது. சக்கர நாற்காலிப் படம் வரைந்த ஓர் இடம் மட்டும் காலியாகக் கிடக்கிறது. “அஞ்சே நிமிஷம்தானே, யார் வரப் போறாங்க?” என்று மனசு சொல்கிறது. அந்த இடத்தில் நிறுத்தும் உரிமை உண்மையில் யாருக்கு? இந்தக் கேள்வியை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகத் தீர்த்து வைத்திருக்கிறது. படித்துப் பாருங்கள்.

● தலை இல்லாமல் பிறந்த படம்
உலகம் முழுவதும் நாம் பார்க்கும் சக்கர நாற்காலிச் சின்னத்தை 1968-ல் வரைந்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த வடிவமைப்பு மாணவி சுசான் கோஃபோட். அவர் வரைந்ததில் நாற்காலி மட்டும்தான் இருந்தது. சின்னத்தைத் தேர்ந்தெடுத்த பன்னாட்டுக் குழுவின் தலைவர் கார்ல் மொன்டான் அதன் மேல் ஒரு வட்டத்தைச் சேர்த்தார். அந்த வட்டம் தலையானது. நாற்காலியில் ஒரு மனிதர் வந்து உட்கார்ந்தார்.

● படத்தில் நாற்காலி; உரிமை இன்னும் பலருக்கு
சின்னத்தில் சக்கர நாற்காலி இருப்பதால், அதில் வருபவருக்கு மட்டுமே அந்த இடம் என்று பலர் நினைக்கிறார்கள். செயற்கைக் கால் பொருத்தியவர், ஊன்றுகோலில் நடப்பவர், நாலு அடி வைத்தாலே மூச்சு வாங்கும் நுரையீரல் நோயாளி, மூட்டுவாதத்தால் முடங்கியவர் என உரிமை பெறுவோர் பட்டியல் நீளமானது.

● அருகில் இருப்பது பாதிதான்
வாசலுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் இந்த இடத்தின் சிறப்பு என்பது பொதுவான எண்ணம். அகலமும் அதே அளவுக்கு முக்கியம். கார்க் கதவை முழுதாகத் திறக்க வேண்டும், பக்கத்தில் நாற்காலியை விரித்து வைக்க வேண்டும், இருக்கையிலிருந்து அதற்கு உடம்பை நகர்த்த வேண்டும். அமெரிக்க விதிப்படி காருக்கு 8 அடி, அதை ஒட்டி இறங்குவதற்கு இன்னும் 5 அடி. சாய்வுக் கோடு போட்ட அந்தப் பட்டையில் யாராவது ஒரு பைக்கைச் செருகிவிட்டால், காருக்குள் இருப்பவர் இறங்கவே முடியாது. திரும்பி வரும்போது பைக் நின்றால், வீட்டுக்கும் போக முடியாது.

● 48-க்கு 1
அதே அமெரிக்க விதியில், அந்த இடத்தின் தரை 48 அடிக்கு 1 அடிக்கு மேல் சரியக் கூடாது. சரிவு கூடினால், ஏறி உட்காருவதற்குள் நாற்காலி உருண்டு போய்விடும்.

● எந்த இடத்தில் எத்தனை?
25 வண்டி நிற்கும் வளாகத்தில் ஒன்றாவது மாற்றுத்திறனாளிகளுக்கு என்பது அமெரிக்கக் கணக்கு. மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் 10 சதவீதம். உடல் இயக்கச் சிகிச்சைக்கென்றே இயங்கும் புறநோயாளி மையங்களில் 20 சதவீதம். தேவை எங்கே கூடுகிறதோ, அங்கே இடமும் கூடுகிறது.

● ஒரு மகன் கொண்டுவந்த சட்டம்
பிரிட்டனில் 1970-ல் வந்த நாள்பட்ட நோயாளிகள் மற்றும் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர் ஆல்ஃப் மோரிஸ். முதல் உலகப் போரில் காயம்பட்ட ஒரு சிப்பாயின் மகன். அந்தச் சட்டத்தின் வழியாக 1971-ல் ஆரஞ்சு நிற பார்க்கிங் அட்டை வந்தது. 2000-ல் அது ‘புளூ பேட்ஜ்’ எனும் நீல அட்டையாக மாறியது. மோரிஸ் 1974-ல் மாற்றுத்திறனாளிகளுக்கான அமைச்சர் ஆனார். அந்தப் பொறுப்பு அதற்கு முன் அங்கே இருந்ததில்லை.

● அட்டை வண்டிக்கு அல்ல
பிரிட்டனின் நீல அட்டை ஆளுக்கு உரியது. சொந்தக் கார், மகளின் கார், நண்பரின் கார், டாக்ஸி என எதில் போனாலும் அட்டையும் கூடவே போகலாம். அட்டைக்காரர் வண்டியில் வராதபோது, அவருடைய சொந்தக் காரே ஆனாலும் அந்த இடத்தில் நிறுத்தக் கூடாது. அம்மாவின் அட்டையை வைத்துவிட்டு மகன் தன் சொந்த வேலையாக சினிமாவுக்கோ கடைக்கோ போவது குற்றம். 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம்.

● கார் ஓட்டாதவருக்கும் பார்க்கிங் உரிமை
பார்வையற்றவர் வண்டி ஓட்டுவதில்லை. ஆனாலும், கடுமையான பார்வைக் குறைபாடு உள்ளவராகப் பதிவு செய்தவருக்கு பிரிட்டனில் நீல அட்டை நேராகக் கிடைக்கும். வண்டிகள் முன்னும் பின்னும் நகரும் வளாகத்தின் கடைக்கோடியிலிருந்து வாசல்வரை அவர் நடந்து வருவது எத்தனை ஆபத்து என்று யோசித்தால் காரணம் விளங்கும்.

● 50 மீட்டரும் 200 அடியும்
யாருக்கு நடக்க முடியவில்லை என்பதை எப்படி அளப்பது? பிரிட்டனின் உதவித்தொகை மதிப்பீட்டில் 50 மீட்டருக்கு மேல் நடக்க இயலாதவருக்கு அட்டை உண்டு. அமெரிக்கக் கூட்டரசின் விதியில், நடுவில் நின்று இளைப்பாறாமல் 200 அடி நடக்க முடியாதவர், கையோடு ஆக்சிஜன் வைத்திருப்பவர், இதயநோய் முற்றியவர் ஆகியோர் தகுதி பெறுகிறார்கள். நோயின் பெயர் எதுவாக இருந்தாலும், காரிலிருந்து வாசல் வரையிலான தூரம்தான் கடைசியில் கணக்கு.

● கண்ணுக்குத் தெரியாத வலி
2019 ஆகஸ்ட் 30 முதல் இங்கிலாந்தில் வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களும் நீல அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளை திடீர் சத்தத்துக்கு மிரண்டு, ஓடும் வண்டிகளுக்கு நடுவே பாய்ந்துவிடலாம். மறதி நோய் முற்றிய பெரியவர் வளாகத்தின் நடுவில் திசை தெரியாமல் நிற்கலாம். கடும் பதற்றத்தால் வீட்டை விட்டு வெளியே வருவதே ஒரு போராட்டமாக இருப்பவரும் உண்டு. அவர்களுக்கும் வாசலின் அருகாமை தேவைப்படுகிறது. “நல்லாத்தானே நடக்குறீங்க, இங்கே ஏன் நிறுத்துனீங்க?” என்று கேட்குமுன் ஒரு கணம் இதை நினைத்துக்கொள்வோம்.

● கைக்குழந்தைக்கும் அட்டை
இங்கிலாந்தில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கும் நீல அட்டை உண்டு, இரண்டு காரணங்களுக்காக. பெரிய மருத்துவக் கருவியைக் குழந்தையோடு எப்போதும் சுமந்து செல்ல வேண்டியிருந்தால் கிடைக்கும். அவசரத்துக்கு உடனே வண்டியில் வைத்துச் சிகிச்சை தரவோ, மருத்துவமனைக்கு ஓடவோ வேண்டிய நிலை இருந்தாலும் கிடைக்கும்.

● கால் முறிந்தவருக்கு?
மாவுக்கட்டு போட்டு ஆறு வாரம் ஊன்றுகோலில் நடப்பவருக்கு அமெரிக்காவில் தற்காலிக அட்டை கிடைக்கும். அதிகபட்சம் ஆறு மாதம். கூட்டரசின் விதியில் அதற்குச் சிவப்பு நிறம், நிரந்தர அட்டைக்கு நீலம். இங்கிலாந்திலோ குறைபாடு நீண்ட காலம் நீடிப்பதாக இருக்க வேண்டும். ஆறும் எலும்புக்கு நீல அட்டை இல்லை.

● கர்ப்பிணிக்கும் உண்டு என்ற ஊர்
ஜப்பானின் சாகா மாகாணம் 2006-ல் ஒரு பார்க்கிங் அனுமதித் திட்டத்தைத் தொடங்கியது. மாற்றுத்திறனாளிகளோடு நடக்கச் சிரமப்படும் முதியவர், கர்ப்பிணி, காயம்பட்டவர் என்று பலரையும் அதில் சேர்த்தது. மற்ற மாகாணங்களும் பின்னாலேயே வந்தன. பிரிட்டனில் கர்ப்பம் மட்டுமே அட்டைக்குக் காரணமாகாது. தகுதிப் பட்டியல் நீண்டால் உதவி பலருக்குப் போகும். இடங்களின் எண்ணிக்கை கூடாமல் பட்டியல் மட்டும் நீண்டால், வேறெங்கும் நிறுத்தவே முடியாதவர் வெளியே நிற்பார். இந்த இழுபறிதான் எல்லா நாட்டு விதிகளுக்கும் அடியில் இருக்கிறது.

● சிங்கப்பூரில் இரண்டு வகை
அங்கே தானே வண்டி ஓட்டும் மாற்றுத்திறனாளிக்கு ஒரு வகை அட்டை. அவரை ஏற்றிச் செல்லும் குடும்பத்தாருக்கு வேறு வகை. இரண்டாம் வகை அட்டைக்காரர் 60 நிமிடத்துக்கு மேல் அந்த இடத்தில் நிற்கக் கூடாது. ஏற்றி இறக்கத்தான் அகலம் வேண்டும்; இறக்கிவிட்டபின் வண்டியைச் சாதாரண இடத்துக்கு மாற்றிவிடலாமே என்பது கணக்கு. தானே ஓட்டி வந்தவருக்கு வண்டியை மாற்றி நிறுத்த ஆள் இல்லை. அதனால் அவருக்கு அந்த நேரக் கட்டுப்பாடும் இல்லை.

● எல்லை தாண்டியும் செல்லும்
ஐரோப்பிய ஒன்றியம் 1998-ல் ஒரே மாதிரியான நீல அட்டையை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பரிந்துரைத்தது. பாரிஸில் வாங்கிய அட்டை பெர்லினிலும் செல்லும். 2024-ல் இதைப் பொதுவான ஐரோப்பியச் சட்டமாகவே ஆக்கினார்கள்.

● நூறு வயது தாண்டிய அட்டைகள்
2017-ல் கலிஃபோர்னியா மாநிலத் தணிக்கையாளர் பார்க்கிங் அட்டைகளை ஆராய்ந்தார். 100 வயதைக் கடந்தவர்கள் பெயரில் மட்டும் ஏறத்தாழ 26,000 அட்டைகள் இருந்தன. மாநிலத்தில் அந்த வயதைத் தாண்டியவர்களோ சுமார் 8,000 பேர்தான் என்றது மக்கள்தொகை மதிப்பீடு. இறந்தவரின் அட்டை ரத்தாகாமல் புழக்கத்திலேயே இருந்தது கணக்கில் வெளிப்பட்டது. ஏமாற்றுகிறவர் அரசை மட்டும் ஏமாற்றவில்லை. அந்த இடத்தை நம்பி வீட்டிலிருந்து கிளம்பியவரைத்தான் முதலில் ஏமாற்றுகிறார்.

● கைபேசியே காவல்
தென்கொரியாவில் அனுமதி அட்டை இல்லாமல் மாற்றுத்திறனாளி இடத்தில் நிறுத்தினால் 1,00,000 வோன் அபராதம். அட்டை இருந்தாலும் நடக்கச் சிரமப்படுபவர் வண்டியில் இல்லாவிட்டால் அதே அபராதம்தான். பொதுமக்களே படம் எடுத்து அரசுச் செயலியில் புகார் அனுப்பலாம்.

● நம் நாட்டில் அளவு இருக்கிறது
2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பைப் புரட்டினால் கணக்கு தெளிவாக இருக்கிறது. மாற்றுத்திறனாளிக்கான கார் இடம் குறைந்தது 3.6 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். கட்டட வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அடுத்த முறை வணிக வளாகத்துக்குப் போகும்போது, அகலம் ஏறத்தாழ பன்னிரண்டு அடியாவது இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். தூண் ஓரத்தில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், சாதாரண அகலத்திலேயே படத்தை மட்டும் வரைந்திருந்தால், அங்கே அந்த விதி நிறைவேறவில்லை என்று அர்த்தம்.

● 7 இப்போது 21
மாற்றுத்திறனாளிகளுக்கான நம் நாட்டின் 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைத்தான் ஏற்றது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்றுக்கொண்டது. பார்க்கின்சன், தசைச்சிதைவு, தலசீமியா, அமிலத் தாக்குதலுக்கு ஆளானோர் எல்லாம் இதில் வருகிறார்கள். அதன் 41-ஆம் பிரிவு, பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், விமான நிலையம் ஆகியவற்றில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற வாகன நிறுத்துமிடம் வேண்டும் என்கிறது.

● 40 சதவீதம் போதுமா?
நம் நாட்டில் பல சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாட்டுச் சான்று வேண்டும். வாகன நிறுத்துமிடத்துக்கு அந்த எண்ணை மட்டும் அளவுகோலாக வைத்தால் சரிவராது. காது கேளாதவருக்கு 40 சதவீதத்துக்கு மேல் சான்று இருக்கலாம். அவருக்கு வேறு பல உதவிகள் நியாயமாக வேண்டும், அகலமான பார்க்கிங் தேவைப்படாமல் போகலாம். முழங்கால் தேய்ந்து படியேற முடியாத பாட்டியிடம் எந்தச் சான்றும் இல்லாமலும் இருக்கலாம். தேசிய அளவில் வழங்கும் தனித்துவ அடையாள அட்டை ஒருவர் யார் என்று சொல்கிறது. வண்டியின் முன்கண்ணாடியில் வைக்கும் பார்க்கிங் அட்டையின் வேலையை அதனால் செய்ய முடியாது. நடமாட்டத்தை அளந்து, ஆளின் பெயரில், படத்தோடு, காலவரையறையோடு ஓர் அட்டை நமக்கும் வேண்டும்.

● பொய் சொன்னால் சிறை
மாற்றுத்திறனாளிகளுக்கான சலுகையை ஏமாற்றிப் பெற்றால், 2016 சட்டத்தின் 91-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

● ஸ்கூட்டருக்கும் அகலம் வேண்டும்
தமிழ்நாடு அரசு இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டர்களை மாற்றுத்திறனாளிகளுக்கு விலையில்லாமல் தருகிறது. நம் ஊரில் ‘மாற்றுத்திறனாளி பார்க்கிங்’ என்றால் காரைவிட இந்த வண்டிதான் முதலில் கண்முன் வர வேண்டும். பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் நீட்டியிருப்பதால், வரிசையாக நெருக்கி நிறுத்தும் டூவீலர் ஸ்டாண்டில் இது நுழையாது. ஓட்டி வந்தவர் ஊன்றுகோலை எடுத்து, தரையில் ஊன்றி, காலை இறக்கி எழ இடம் வேண்டும். இரண்டு பக்கமும் பைக்குகளை அடைத்து நிறுத்திவிட்டால், அவற்றைத் தூக்கி நகர்த்திவிட்டு வண்டியை எடுக்க அவரால் ஆகாது. யாராவது வரும்வரை வெயிலில் காத்திருக்க வேண்டியதுதான்.

● 2005-ல் தொடங்கிய வழக்கு
பொது இடங்கள் எல்லோரும் அணுகும்படி இருக்க வேண்டும் என்று பார்வைக் குறைபாடு உள்ள ராஜீவ் ரத்தூரி 2005-ல் உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று வந்த தீர்ப்பு, அணுகல் விதிகள் வெறும் வழிகாட்டுதலாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. நிறுத்துமிடத்தின் அகலமும் அந்த விதிகளுக்குள் அடங்கியதுதான்.

● அந்த ஐந்து நிமிடம்
நமக்கு அந்த இடம் கிடைக்காவிட்டால், அடுத்த வரிசையில் நிறுத்திவிட்டு ஐம்பது அடி கூடுதலாக நடப்போம். அந்த இடத்தை நம்பி வந்தவர் அது அடைபட்டிருப்பதைக் கண்டால், அடுத்த வரிசையின் குறுகிய இடைவெளியில் அவரால் கதவைத் திறக்கவே முடியாது. மருந்து வாங்காமல், மருத்துவரைப் பார்க்காமல், வந்த வழியே வீட்டுக்குத் திரும்புவார். நீலப் பலகை போட்ட இடம் காலியாக இருந்தால், அவர் வரும்வரை அது காலியாகவே இருக்கட்டும்.