தரங்கம்பாடிப் பாதிரிமாரும் தஞ்சைத் தரணி இஸ்லாமியரும்

ஆப்பிரிக்கச் சிற்றூர்களில் இஸ்லாமிய மக்களிடையே கிறித்தவச் சமயப் பணியாளர்கள் சென்று தங்கித் தொண்டாற்றுவது குறித்து நாம் அவ்வப்போது படிக்கிறோம். அத்தகைய சந்திப்பு நம் காவிரிக் கரையிலேயே முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது என்பதை மாணவருள் பலர் அறியார். தரங்கம்பாடிக்குச் சுற்றுலாச் செல்வோர் டேனிஷ் கோட்டையையும் அலைகளையும் கண்டு திரும்பிவிடுகின்றனர்.

டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடெரிக்கு அனுப்ப, செருமானியரான சீகன்பால்கு தம் நண்பர் புளுச்சோவுடன் 1706 சூலை 9ஆம் நாள் அவ்வூரில் வந்திறங்கினார். தெற்கே காரைக்காலும் நாகூரும், வடக்கே பரங்கிப்பேட்டை. எங்கும் மரைக்காயர்களின் கலங்கள். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடிய காலத்தை ஒட்டிய காலம் அது. ஆகவே அப்பாதிரியார் தமிழ் கற்கத் தொடங்கியபோது இஸ்லாமியரின் தமிழும் அவர் கண்ணிற்பட்டது. தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு 1708இல் அவர் வரைந்த அட்டவணையில் இஸ்லாமியர் நூல்களுக்கெனத் தனிப்பிரிவே உண்டு. மறுத்துரைக்கும் நோக்குடன்தான் படித்தார், எனினும் படித்தார். தமிழிலக்கிய வரலாறு எழுதுவோர் இவ்வட்டவணையை இன்னும் போதிய அளவு பயன்கொள்ளவில்லை என்பது என் கருத்து.

இந்நாட்டவரோடு அவரும் தோழரும் நிகழ்த்திய உரையாடல்கள் 1719இல் இலண்டனில் ஆங்கிலத்தில் வெளிவந்தன. இஸ்லாமியரோடு நிகழ்ந்த உரையாடலும் அவற்றுள் உண்டு. ஈசா நபி (அலை) அவர்களை இறைத்தூதராகப் போற்றும் இஸ்லாம், அவரை இறைமகன் என ஏற்பதில்லை. எத்துணை நயமாகப் பேசினும் இரு சாராரும் வந்து நிற்கும் இடம் இதுவே. வேதமுடையோரோடு அழகிய முறையில் உரையாடுக என்னும் திருமறை நெறியை அறிந்த நமக்கு இதில் வியப்பொன்றுமில்லை.

பின்னர் வந்த பெஞ்சமின் சூல்சு என்பார் சென்னையில் தங்கித் தக்கினி மொழி கற்றார். அவர் எழுதிய இந்துஸ்தானி இலக்கணம் 1745இல் செருமனியின் ஆல்லே நகரில் அச்சாயிற்று. யூதரிடையேயும் இஸ்லாமியரிடையேயும் பணியாற்றுவதற்கென்றே 1728இல் அந்நகரில் தோன்றிய கல்லன்பெர்க்கின் நிறுவனம், அவர் மொழிபெயர்த்த விவிலியப் பகுதிகளை அரபு எழுத்தில் அச்சிட்டது. உழைப்பு பெரிது, ஆயினும் ஒரு பிழை நேர்ந்துவிட்டது. தக்கினி நவாபின் படையினருக்கும் அரண்மனையாருக்கும் விளங்கும். காவிரிப் படுகையின் மரைக்காயரும் லெப்பையும் ராவுத்தரும் வீட்டில் பேசியதோ தமிழ். அவர்கள் அரபு எழுத்தில் எழுதியபோதும் அது அரபுத்தமிழே. இஸ்லாமியர் என்றால் வேறு மொழியினர் என்னும் எண்ணம் இன்றும் முற்றாக ஒழிந்ததா?

இவ்வரலாற்றில் நெஞ்சில் நிற்பவர் சுவார்ச்சு ஐயர். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து, நவாப் முகமது அலியின் ஆட்சிக்குட்பட்ட திருச்சிராப்பள்ளியிலும் பின்னர்த் தஞ்சையிலும் வாழ்ந்து 1798இல் மறைந்தவர். தமிழோடு பாரசீகமும் இந்துஸ்தானியும் பயின்று இஸ்லாமியரோடு அவர்கள் மொழியிலேயே உரையாடினார். 1779இல் கும்பினியார் ஹைதர் அலியிடம் தூது அனுப்ப இவரையே தேர்ந்தனர். பிற தூதரை நம்பாத ஹைதர் இவரை நம்பினார் என்பர். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதரின் படையிலிருந்த செருமானியருக்கு இவர் வழிபாடு நடத்தியதை எவரும் தடுக்கவில்லை. தூது பலிக்கவில்லை, மறு ஆண்டே போர் மூண்டது. ஆனால் வழிச்செலவுக்கென ஹைதர் அளித்த 300 ரூபாயைத் தமக்கென வைத்துக்கொள்ள சுவார்ச்சு ஒப்பவில்லை. கும்பினியாரிடம் கொடுத்தார், அவர்கள் வேண்டாவென்றதும், தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளுக்கான ஆங்கிலப் பள்ளி ஒன்றுக்கு அதனை முதற்பொருளாக்கினார். இஸ்லாமிய மன்னர் தந்த பணம், கிறித்தவப் பாதிரியார் கையால், மராத்திய அரசர் ஆண்ட தஞ்சையில் கல்விக்குச் சென்றது.

இஸ்லாமியரிடையே இப்பணி பெரும்பயன் விளைத்ததில்லை. அவர்கள் திருச்சபையில் சேர்ந்தோருள் மிகப் பெரும்பாலோர் பிற சமூகத்தாரே. ஆனால் நாம் இழந்தது வேறொன்று. 1713 முதல் தரங்கம்பாடியில் தமிழ் அச்சகம் இயங்கியது. 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறி முடிந்தது. நாகூர் அங்கிருந்து ஒரு நாள் நடைத் தொலைவே. இருந்தும் நம் புலவர்களின் நூல்கள் ஓலையிலேயே கிடந்தன. இந்நாட்டவர் அச்சகம் நடத்துவதற்கு இருந்த தடை 1835இல் நீங்கியது. அதன் பின்னரே, ஏடுகளைத் தேடித் திரட்டிய செய்கப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம், 1842இல் சீறாப்புராணத்தை அச்சில் வெளியிட்டார்.